எந்த லெவல் என்று அப்பா கேட்டார்

தம்பி,

கடிதத்தின் தலையில் எழுதுகிற தோத்திரம், சுகம், மழை, விலைவாசி எல்லாவற்றையும் இந்த முறை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்கு இருமல், எனக்கு முழங்கால், இரண்டும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீ அனுப்பிய பெரிய இசைத்தட்டு வந்து சேர்ந்தது. தபாலில் அட்டையின் ஒரு மூலை மடங்கியிருந்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளாக ஒரு வரி அனுப்பாமல் இருந்தது நான்தான், அப்பா இல்லை. அவர் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே, 'எழுதிட்டியா டீச்சர்?' என்று கேட்பார். எழுதுகிறேன் என்பேன். நாற்பது பிள்ளைகளின் காப்பி நோட்டைத் திருத்திய பிறகு பேனா பிடிக்கக் கை வருவதில்லை என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவருக்குச் சாக்கு என்று தெரியும். ஆனாலும் மறுநாள் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

தட்டோடு நீ வைத்திருந்த சீட்டு என் பைபிளுக்குள் இருக்கிறது. 'அம்மா, கேட்டுவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். போன தடவை மாதிரியே தோன்றினால் அதையும் சொல்லுங்கள். அப்பா ரிடையர் ஆகும்போது நான் வந்து பெயர் கொடுத்துவிடுகிறேன். எனக்கும் களைப்பாக இருக்கிறது.' இவ்வளவுதான். இருபத்து நாலு வயதில் இவனுக்கு என்ன களைப்பு என்று முதலில் கோபம்தான் வந்தது. களைப்பெல்லாம் எங்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் கொடுப்பது என்றால் இந்த ஊரில் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ரிடையர் ஆகிற ஆள் பாரத்தில் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தால், இடம் வருகிறபோது அவனைக் கூப்பிடுவார்கள். தங்கச் சுரங்கத்துக்குள் அப்பா இறங்கின ஷாஃப்டில், அதே கேஜில் நின்று பிள்ளையும் இறங்கலாம். நம் லைன் வீடுகளில் பாதி அப்படித்தான் ஓடுகிறது. பாரம் கொடுக்கக் கடைசி நாள் இந்தச் சனிக்கிழமை. ஆக, ஒரு பாட்டுத் தட்டு எப்படி இருக்கிறது என்று நான் சொல்வதை வைத்து நீ பூமிக்குக் கீழே போவதா வேண்டாமா என்று முடிவாக வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய மார்க்கை என் கையில் கொடுத்துவிட்டு நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டாய்.

முதலில், இதற்கு முன் நீ அனுப்பின அந்தச் சின்னத் தட்டுகளைப் பற்றிப் பேசிவிடலாம். அதைத் தாண்டாமல் இதற்கு வர முடியாது. போன வருடம் முதல் தட்டு வந்தபோது நம் வீட்டில் போட்டுக் கேட்க வழியில்லை என்று மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கிற உன் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்பா ஞாயிறு கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அத்தை தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து, வடை சுட்டு, ரெக்கார்ட் பிளேயருக்குப் புது முள்ளும் வாங்கிப் போட்டிருந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் வயலின் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கூட்டம் வயலின். நடுவில் எங்கேயோ நீ. மூக்கால் பாடினாய். வெள்ளைக்காரப் பையன் ஒருத்தனுக்குச் சளி பிடித்தால் எப்படிப் பாடுவானோ அப்படி இருந்தது. இங்கிலீஷில் பாடினாய் என்று நான் குறை சொல்லவில்லை, நான் கோயில் கொயரில் இங்கிலீஷும் பாடுகிறவள்தான். ஆனால் அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட உன் வாயில் பிறந்ததாக இல்லை. தட்டு முடிந்ததும் எதிர்வீட்டுக்காரர், 'மியூசிக்கெல்லாம் ஜோரா கீது டீச்சர், உங்க பையன் எப்ப பாடுவான்?' என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். இரண்டாவது தட்டு வந்தபோது அத்தை வடை சுடவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. அதிலும் வயலின்தான்.

வீட்டுக்கு வந்து உனக்கு எழுதினேன். வயலின் அதிகம், மூக்கை விட்டுவிட்டு நெஞ்சால் பாடு என்று எழுதினேன். அதுவரை சரி, கொயரில் நிற்கிற யாரும் சொல்லக்கூடியதுதான். அதோடு பேனாவை மூடியிருக்க வேண்டும். 'இதற்காகவா வீட்டை விட்டுப் போனாய்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். நீ பாட்டைப் பற்றிக் கேட்டாய், நான் உன்னைப் பற்றி மார்க் போட்டுவிட்டேன். பிள்ளை எழுதின விடைக்குத்தான் மார்க், பிள்ளைக்கு இல்லை என்று புதிதாக வருகிற டீச்சர்களுக்கு நானே பாடம் எடுப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். நீ நாலு மாதம் பதில் எழுதவில்லை. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து அது எதையாவது கொண்டுவந்து காட்டினால், கையில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசு. நல்லதாக இருந்தாலும் அதைப் பற்றி மட்டும், கெட்டதாக இருந்தாலும் அதைப் பற்றி மட்டும். இந்தக் கடிதத்தில் புத்தி என்று நான் சொல்லப்போவது அநேகமாக இவ்வளவுதான், மீதியெல்லாம் என் கதை.

இனி பெரிய தட்டு. அத்தை வீட்டுக்கு இந்த முறை போக மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு வைத்திருக்கிற ரெக்கார்ட் பிளேயரையும் அதன் பெரிய ஸ்பீக்கர் பெட்டியையும் ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கி, ரிக்ஷாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை. அப்பாவுக்கு வார ஓய்வு. முப்பது வருடம் டிரில்லிங் மெஷினைப் பிடித்த காது, உனக்குத் தெரியும், என் குரலில் பாதிதான் அதற்குள் போகிறது. அவருக்காகச் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, பெட்டியைப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் வைத்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் முதல் பக்கத்தின் முதல் பாட்டு அதே பழைய பாட்டு. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு இன்னொரு பழைய பாட்டு. கம்பெனிக்காரர்கள் வைக்கச் சொல்லியிருப்பார்கள், நீ என்ன செய்வாய். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. முள்ளை வைத்தேன், அதே வயலின், அதே சளி. போச்சு, பழைய குருடி கதவைத் திறடி என்று சொல்லிக்கொண்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டு ஓடினது காதில் விழவே இல்லை. நிஜத்தைச் சொன்னால், கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்றாவது பாட்டு. அதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், நீ முதன்முதலில் ராக் வாசிக்கப் போவதாகச் சொன்ன நாளை நினைத்துக்கொண்டேன். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, 'ராக்குன்னா இன்னாடா பாட்டு? பர்ஸ்ட் ஆவுமே, அந்த ராக்கா?' என்று கேட்டாரே. நாம் மூன்று பேரும் சிரித்தோம். ஆழத்தில் பாறை நெருக்கம் தாங்காமல் வெடிப்பதை ராக் பர்ஸ்ட் என்று இந்த ஊரில் பால்குடிக் குழந்தைகூடச் சொல்லும். மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிவது ஒரு குத்துதான். தரை ஒரு தரம் குத்தும், தட்டுமுட்டு ஆடும், கூரைத் தகடு முனகும். அதற்குப் பிறகு நம் லைனில் யாரும் கத்த மாட்டார்கள், அழவும் மாட்டார்கள். கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, ஷாஃப்டின் தலையில் கேஜை ஏற்றி இறக்குகிற சக்கரத்தைப் பார்ப்பார்கள். சக்கரம் வழக்கம்போல ஓடினால் சின்னது, திரும்பிப் போய் அடுப்பைக் கவனிக்கலாம். நின்றிருந்தால் ஷாஃப்டுக்கு நடக்க வேண்டியதுதான். எதுவென்று தெரிகிற வரை யாரும் யாரோடும் பேசக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. நான் பிறந்த பாலகாட் சுரங்கத்து லைனிலும் இப்படித்தான், வாழ்க்கைப்பட்டு வந்த லைனிலும் இப்படித்தான்.

உன் மூன்றாவது பாட்டில் கிட்டார் கொஞ்ச நேரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று டிரம்மில் ஒரு குத்து. ஒன்றே ஒன்று. தரை குத்தியது, சுவரில் காலண்டர் ஆடியது, கூரைத் தகடு முனகியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, பாட்டு ஒன்றும் காதில் விழாதவர், தலையைத் தூக்கி, 'எந்த லெவல்?' என்று கேட்டார். கீழே எத்தனையாவது மட்டத்தில் வெடித்தது என்று. அதற்குள் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. மடியில் இருந்த கீரை எல்லாம் தரையில். பக்கத்து வீட்டு மேரி பாதி பின்னின சடையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவள் புருஷனுக்கு அன்றைக்குப் பகல் ஷிப்ட். எதிர் வரிசையிலும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சக்கரம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உள்ளே தட்டு ஓடுவது நினைவுக்கு வந்தது.

உள்ளே வந்தேன். இன்னும் சத்தம் வரவில்லை, முள் கீறுவது மட்டும் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. முள்ளைத் தூக்கினேன், தட்டை எடுத்து உறைக்குள் போட்டேன். மேரி நிலைப்படி வரை வந்து, 'உங்க பையன் பாட்டா டீச்சர் அது?' என்றாள். ஆமாம் என்றேன். 'அய்ய' என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவமானமாக இருந்தது. அப்பா விஷயம் தெரிந்து சிரிக்கத் தொடங்கி இருமலில் கொண்டுபோய் நிறுத்தினார், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்கள் வயிற்றில் இருக்கிற பயத்தை எடுத்து பெங்களூரில் விளையாட்டுச் சாமானாக்கிவிட்டான் என்று நினைத்தேன். அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை நீ படித்திருந்தால் இப்போது இங்கே வந்து சேர்ந்திருப்பாய், அல்லது இனி எப்போதுமே வர மாட்டாய். அதைத் தபாலில் போடாதது என் நல்ல குணத்தால் இல்லை. வீட்டில் ஸ்டாம்ப் இல்லை.

தட்டு பெட்டியின் மேலேயே ஒரு வாரம் கிடந்தது. ரெக்கார்ட் பிளேயரைத் திருப்பிக் கொடுக்கவும் சோம்பல். மறு ஞாயிறு கோயில் முடிந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது மேரி வந்தாள். ஏதோ வாங்க வந்தவள்போல நின்றாள். நான் என்னவென்று கேட்ட பிறகுதான் சொன்னாள்.

'அன்னிக்கு நடுவுல நிறுத்திட்டீங்களே டீச்சர், அப்பால இன்னா ஆச்சு?'

'எதுல?'

'அந்தப் பாட்டுலதான். குத்துச்சு, அப்பால சத்தமே இல்ல, நீங்க எடுத்துட்டீங்க. மேல வந்தாங்களா இல்லியா?'

'பாட்டு மேரி அது. உள்ள யாரும் இல்ல.'

'அது தெரியாமயா கேக்கறேன்? ஒரு வாரமா மனசே ஆறல. பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நெனப்புதான் வருது. அப்படியே உட்டுட்டா எப்டி? போடுங்க டீச்சர், கேட்டுட்டுப் போறேன்.'

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. அவள் சொன்னது சரி என்று பட்டது. சக்கரத்தைப் பார்க்காமல் யாரும் உள்ளே போவதில்லை. நான் ஒரு பாட்டை அந்த இடத்தில் விட்டுவிட்டு கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தேன். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்த முறை சத்தத்தைக் குறைத்து வைத்து, எதிர் வரிசையில் இருக்கிற இரண்டு வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டும் வந்தேன். முதல் இரண்டு பாட்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் முள்ளை வைத்தேன். அப்பாவுக்குக் கேட்காது என்பதால் அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தேன். கிட்டார் ஓடியது. குத்து வந்தது. வருமென்று தெரிந்தும் வாசல் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டேன். மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தமில்லாத அந்த நேரம் ஓடத் தொடங்கியது. ஒரு பாட்டில் இவ்வளவு நேரம் யாராவது சும்மா விடுவார்களா என்று முதலில் தோன்றியது. பிறகு அது தோன்றவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல் இருந்தோம். உன் பாட்டில் ஒன்றும் இல்லாத அந்த இடம் எவ்வளவு நீளமோ, வாசலில் நிற்கிற நேரமும் அவ்வளவுதான் நீளம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்குப் பிறகு கிட்டாரின் அடித் தந்தியில் ஒரு ஓசை வந்தது, மெதுவாக, ஒரே சீராக. பெட்டியின் மேல் இருந்த அப்பாவின் விரல் அதோடு சேர்ந்து தட்டியது. 'தூக்குறாங்க' என்றார். கேஜை மேலே தூக்குகிறார்கள் என்று. யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை, ஷிப்டில் பக்கத்து ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார். மேரி, 'அப்பாடா' என்று சொல்லி மூச்சு விட்டாள். அதன்மேல் உன் குரல் வந்தது. வார்த்தை இல்லை, வயலின் இல்லை, மூக்கில்லை. வாயை மூடிக்கொண்டு முனகுகிறாய், அவ்வளவுதான். மேரிக்கு அது நல்ல பாட்டு. எனக்கு மட்டும் அந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

உனக்கு ஏழு வயது. உனக்கு ஞாபகம் இருக்காது என்று இத்தனை வருடம் நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் குத்தியபோது அப்பா கீழே இருந்தார், சக்கரம் நின்றுவிட்டது. ஷாஃப்டின் கேட்டுக்கு வெளியே வெயிலில் எல்லோரும் நின்றோம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ அழவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உனக்குள்ளேயே மெல்ல முனகத் தொடங்கினாய், ஏதோ ஒரு ராகம், ஞாயிறு பள்ளியில் கேட்டதாக இருக்கும். சுற்றி நின்றவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். 'அப்பன் உள்ள இருக்கான், உனக்கு பாட்டு கேக்குதா?' என்று சொன்னேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தாய். அதன் பிறகு கேஜ் மேலே வந்தது, அப்பா தூசியோடு நடந்து வந்தார், வீட்டுக்குப் போனோம். அப்பா உயிரோடு வந்த சந்தோஷத்தில் உன் கன்னத்தை யாரும் நினைக்கவில்லை. நானும்தான். பயந்த பிள்ளை தன் பயத்துக்கு ஒரு துணை தேடியிருக்கிறது, அதைத் தண்டித்தேன். அதற்குப் பிறகு நீ வீட்டுக்குள் முனகி நான் கேட்டதே இல்லை. கொயரில் என் பக்கத்தில் நின்று என்னோடு ஆல்டோ குரலில் பாடுவாய், கையில் புத்தகம் இருந்தால் பாடுவாய், புத்தகத்தை மூடினால் உன் வாயும் மூடிக்கொள்ளும். ஒழுங்கான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், தம்பி. பதினேழு வருடம் தாமதம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாகச் சொன்னால் பாரம் இறங்காது. அந்தச் சின்னத் தட்டுகள் நன்றாக இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வருத்தம் மட்டும் இல்லை. அத்தை வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. தோற்றுவிட்டான், இனி வந்துவிடுவான், அப்பா ரிடையர் ஆகும்போது பெயர் கொடுக்கலாம், கல்யாணம் செய்து பக்கத்து லைனில் குடிவைக்கலாம் என்று பஸ் ராபர்ட்சன்பேட்டைக்கு வருவதற்குள் எல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். தன் பிள்ளையின் பாட்டு மோசமாக இருப்பதில் ஒரு தாய்க்குச் சந்தோஷம் உண்டாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உண்டானது. பெரிய தட்டு வந்தபோது கீரையை மடியில் வைத்துக்கொண்டு அலட்சியமாக உட்கார்ந்ததும் அதனால்தான். அது நன்றாக இருந்துவிடக் கூடாது என்று பயந்தேன்.

நீ கேட்டது உண்மை, எனவே மீதியையும் சொல்கிறேன். ஞாயிறன்று மேரி போன பிறகும், இந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலங்களிலும் முழுத் தட்டையும் கேட்டேன். முதல் பக்கத்தின் முதல் பாட்டும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டும் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. முதல் தடவை காதில் போட்டுக்கொள்ளாமல் விட்ட இரண்டாவது பாட்டு நல்ல பாட்டு, அதில் நீ அவசரப்படவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளமான கிட்டார் பாட்டு இருக்கிறதே, அது குழாயடிச் சண்டை. ஆனாலும் மூன்றாவது தடவை கேட்டபோது யார் பக்கம் நியாயம் என்று கொஞ்சம் பிடிபட்டது. கடைசிப் பாட்டு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் இழுக்கிறது, வீட்டுக்கு வந்தவர் செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகும் பேசிக்கொண்டிருப்பதுபோல. அதைச் சொல்லாமல் விட்டால் நான் டீச்சர் இல்லை. மூன்றாவது பாட்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா சொல்லிவிட்டார். காது கேட்காத மனிதர் ஒரு பாட்டைக் கேட்டுத் தூக்குறாங்க என்று சொன்ன பிறகு, உனக்கு வேறு யார் மார்க் போட வேண்டும்?

இன்று சனிக்கிழமை. காலையில் அப்பாவும் நானும் பாரம் கொடுக்க ஆபீசுக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பாரம் வீட்டுக்கு வந்த அன்றே, உன் சீட்டு வருவதற்கு ஒரு மாதம் முன்பே, நான் அதில் உன் பெயரை எழுதிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, அப்பாவைக்கூடக் கேட்கவில்லை. மையால், என் அழகான கையெழுத்தில், முழுப் பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவிடம் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். பேனாவை எடுத்து உன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். ஒரு கோடுதான், ஆனால் அதைப் போட என்னால் லேசில் முடியவில்லை. நீ வந்து பக்கத்து லைனில் இருப்பாய் என்று நினைத்ததெல்லாம் அந்தக் கோட்டோடு போயிற்று. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

உள்ளே கிளார்க் பாரத்தைப் பார்த்துவிட்டு, 'இன்னா டீச்சரம்மா, பேரு எழுதி அடிச்சுட்டீங்க? பையன் இல்லியா?' என்றார். 'இருக்கான்' என்றேன். 'அப்ப இன்னாத்துக்கு அடிச்சீங்க? கெடைக்கிற வேலைய உடுவாங்களா?' என்றார். 'வேலையிலதான் இருக்கான்' என்றேன். உன்னைப் பற்றி அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அடித்த இடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும் என்று கிளார்க் பாரத்தைத் திருப்பினார். அப்பாவின் காதருகில் குனிந்து, இங்கே போடுங்கள், யோசித்துப் போடுங்கள், அப்புறம் மாற்ற முடியாது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. 'பையன் மேலயே இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தன் காது கேட்காததால் எப்போதும்போலச் சத்தமாகத்தான் சொன்னார், ஆபீசில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலைக்கு வராதே, தம்பி. லீவு கிடைத்தால் வா.

அம்மா